ஜிம் சுவரில் உன் படம்

நம் பில்டிங்கில் லிஃப்ட் கதவைத் திறந்தால் இப்போதெல்லாம் ரப்பர் நாற்றம் அடிக்கிறது. கீழ்த்தளத்து ஹாலில் புதிதாய் விரித்திருக்கும் கறுப்புப் பாய்களின் நாற்றம். வெயில் ஏற ஏற அது லிஃப்ட் வழியாக மாடிக்கு வந்து என் வீட்டு வாசலில் நிற்கிறது. ஊதுவத்தி ஏற்றிப் பார்த்தேன். ரப்பரும் ஊதுவத்தியும் கலந்து இன்னும் மோசமாயிற்று. காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனால் அதிலும் ரப்பர்தான் அடிக்கிறது.

உனக்குத் தெரிந்த ஹால்தான். நவராத்திரிக்கு நாம் கொலு வைத்த இடம். மற்ற நாட்களில் உடைந்த கேரம்போர்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளுமாகக் கிடக்கும். அதை ஜிம் ஆக்கிவிட்டார்கள். வெறும் ஜிம் என்றால் எனக்கென்ன, ஆக்கிக்கொண்டு போகட்டும். உன் நினைவாக ஜிம்! வாசலில் உன் பெயர், உள்ளே சுவரில் மாலை போட்ட உன் படம். படத்துக்குக் கீழே தடித்த எழுத்தில் "ஆஜ் ஹி ஷுரூ கீஜியே". இன்றே தொடங்குங்கள் என்று அர்த்தம். அதாவது, தொடங்காவிட்டால் இவளுக்கு ஆன கதிதான் உங்களுக்கும். இப்படி ஒரு திறப்பு விழா நடக்கப்போவதாக லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டிய அன்றே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செத்துப்போனவளைப் பூச்சாண்டியாக நிறுத்திவைக்க ஒரு சொசைட்டி கமிட்டி கூடித் தீர்மானம் போட்டிருக்கிறது. அதில் உன் சிநேகிதி என்ற முறையில் நான் நாலு வார்த்தை பேசவேண்டுமாம்.

நீ குண்டு. இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம், உனக்கே அது இருந்ததில்லை. செம்பூரிலிருந்து வி.டி. வரை லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஒரே ஆபீஸுக்கு எத்தனை வருஷம் போய்வந்திருக்கிறோம். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக ஒருத்தி ஓரத்தில் தொற்றிக்கொள்வது இந்த ஊர் வழக்கம். உன் பக்கத்தில் நாலாவது சீட் கேட்கத் தயங்குவார்கள். நீயே கூப்பிடுவாய். "ஆவ், பைட்டோ" என்று உட்காரச் சொல்லி உடம்பை ஜன்னல் பக்கம் ஒருக்களித்து, எங்கிருந்தோ ஓர் இடத்தை உண்டாக்கிக் கொடுப்பாய். குர்லாவில் ஏறிய ஒரு தமிழ்க்காரி ஒருநாள் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாக்கிங் எல்லாம் போறதில்லையா?" என்று கேட்டாள். "போறேனே. இப்பக்கூட உனக்கு எடத்தை விட்டுட்டு வாசல் வரைக்கும் போகப்போறேன்" என்று எழுந்துவிட்டாய். அவள் உட்கார முடியாமல் நெளிந்தாள். நீ மஸ்ஜித் ஸ்டேஷன் வரை நின்றுகொண்டே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

உன் வீட்டு மெரூன் சோபாவை நினைத்தால் இப்போதும் என் முதுகு அதைத் தேடுகிறது. உல்லாஸ்நகருக்குப் போய் வாங்கி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தது. உன் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் அவர் அதில் படுத்துத்தான் கிரிக்கெட் பார்ப்பார். அவர் போன பிறகு அது நம் இருவருக்கும் என்று ஆயிற்று. அந்தக் கோடியில் நீ, இந்தக் கோடியில் நான், நடுவில் நாலு கால்கள். ஆபீஸ் விட்டு வந்த புடவையோடு அப்படியே சரிந்து கிடப்போம். என் வீட்டு சோபாவுக்கு நான் வருஷக்கணக்காகப் போட்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை நீதான் ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்து வெட்டி எறிந்தாய். "உக்கார்றதுக்கு வாங்கினதுல உக்காரணும்டீ. பாக்கறதுக்குன்னா படம் வாங்கி மாட்டிக்கோ" என்றாய். வீட்டை அலங்கரிப்பதைப் பற்றி இன்றுவரை எனக்குக் கிடைத்த உருப்படியான யோசனை அது ஒன்றுதான்.

சமையலறையில் உனக்கு ஒரு வழக்கம் உண்டு. சுரைக்காயோ வெள்ளரிக்காயோ நறுக்குமுன் முனையில் ஒரு வில்லையைச் சீவி நாக்கில் வைத்துப் பார்ப்பாய். மாட்டுங்கா மார்க்கெட்டில் காய் விற்கும் பாஜிவாலா எவ்வளவு சத்தியம் செய்தாலும் சரி, வீட்டுக்கு வந்து நாக்கில் வைக்காமல் அடுப்பில் ஏற்றமாட்டாய். கசந்தால் முழுக்காயும் குப்பைக்கு. "நாக்குதான்டீ வயித்துக்கு வாட்ச்மேன். அவன் விசில் அடிச்சா கதவைச் சாத்திடணும்" என்பாய். நான் கேலி செய்வேன்.

பிறகு உன் முட்டி வலி வந்தது. சயான் சபாவில் கச்சேரி என்றால் நமக்கு எப்போதும் மாடி கேலரிதான். அங்கே உட்கார்ந்தால்தான் பாட்டு சரியாய்க் காதில் விழும் என்பது உன் கட்சி. அந்தப் படிகளை உன்னால் ஏறமுடியவில்லை. ஒருநாள் பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். உள்ளே வர்ணம் ஆரம்பித்துவிட்டது. முழு வர்ணத்தையும் படியில் நின்றே கேட்டுவிட்டு இருவரும் திரும்பிவந்தோம். எலும்பு டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்றார். அதற்குமுன் கொஞ்சம் இளைத்தால் நல்லது, அவசரமில்லை, மெதுவாகச் செய்யுங்கள் என்றும் சொன்னார். இதை நீ லிஃப்டில் யாரோ ஒருவரிடம் சொன்னாய். சாயங்காலத்துக்குள் பில்டிங் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அப்படித்தான் அட்வைஸ் மாமா உன் வீட்டுக்குள் நுழைந்தார். நீ வைத்த பேர்தான். ஏழாவது மாடி, ரிடையரானவர், ஒல்லி. ஒல்லியாய் இருப்பதைத் தவிர அந்த விஷயத்தில் அவருக்கு வேறு எந்தத் தகுதியும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. யார் வீட்டில் எந்தக் கட்டில் எந்தத் திசையில் இருக்கவேண்டும், யார் எத்தனை சப்பாத்தி தின்னவேண்டும் எல்லாம் அவர்தான் சொல்வார். அதற்கு ஒரு வாட்ஸாப் குரூப் வேறு. உன் வீட்டுக்கு வந்தவர் கையில் ஒரு டேப் இருந்தது. சோபாவை அளந்தார், சுவரை அளந்தார். பிறகு அதே டேப்பை உன்னிடம் நீட்டி, "உள்ள போய் இடுப்பை அளந்துண்டு வந்து சொல்லுங்கோ" என்றார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியே வீசவேண்டும் போல இருந்தது. நீ என் கையை அழுத்திவிட்டு உள்ளே போனாய்.

சோபா சோம்பலை வளர்க்கும், அதை எடுத்துவிடுங்கள் என்றார். அதன் இடத்தில் டிரெட்மில், உட்காருவதற்கு முதுகு சாயாத ஒரு ஸ்டூல். சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே ஆளுயரக் கண்ணாடி. சாப்பிடும்போது தன்னைத் தானே பார்த்தால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காதாம், தானாகக் குறைத்துவிடுவானாம். எவ்வளவு கேவலமான யோசனை பார். பசித்து உட்காருகிறவளை வெட்கப்படவைப்பதற்கு ஒரு கண்ணாடி. அதைச் செலவு செய்து வாங்கவும் வைத்தார்.

சோபாவைப் பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா ஒருவன் வந்து கட்டி இறக்கிக்கொண்டு போன அன்று நான் உன்னோடு சண்டை போட்டேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அந்த ஆள் சொன்னார்னா ஆத்தையே காலி பண்ணுவியா?" என்றேன். "கொஞ்ச நாள்தான்டீ. இளைச்சு, முட்டிய ரிப்பேர் பண்ணிண்டு, விறுவிறுன்னு படியேறிக் காட்டறேன் பாரு. நீதான் மூச்சு வாங்கிண்டு பின்னாடி வருவே" என்றாய். உன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். உனக்கு ஒல்லியாக வேண்டியிருக்கவில்லை. கேலரிக்குப் போகவேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம் நான் வந்தபோது நீ ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கண்ணாடிமேல் ஈரத்துண்டு தொங்கியது. "நான் திங்கறதை நானே வேடிக்கை பாக்கணுமாம்" என்று சிரித்தாய். தட்டில் இரண்டு கரண்டி சாதம்தான் இருந்தது. அதையும் பாதியில் வைத்துவிட்டாய். ரயிலில் கேட்ட சிரிப்பு இல்லை அது. எனக்கு அன்றுதான் அந்த ஆள்மேல் சரியான அருவருப்பு வந்தது. ஒருத்தியின் பசியில் கைவைப்பதைவிட மட்டமான காரியம் உண்டா?

அப்புறம் ஜூஸ். தினமும் விடியற்காலையில் அவர் வீட்டில் சுரைக்காயை அரைத்து வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி, குரூப்பில் பேர் கொடுத்த வீடுகளின் கதவுக் கைப்பிடியில் பையோடு மாட்டிவிட்டுப் போவார். நான் குரூப்பில் இருந்தேனே தவிர ஜூஸுக்குப் பேர் கொடுக்கவில்லை. குடித்தவர்கள் குரூப்பில் டிக் போடவேண்டும். போடாதவர்கள் பேரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் விசாரிப்பார். நீ நறுக்காத காய், நீ நாக்கில் வைத்துப் பார்க்காத காய். உன் வழக்கம் நுழைய அங்கே இடமில்லை.

அன்று காலை இன்டர்காமில் கூப்பிட்டாய். "இன்னிக்கு ஜூஸ் வேப்பெண்ணெயாக் கசக்கறதுடீ. வாயில வெச்சாலே கொமட்டறது" என்றாய்.

"கொட்டித் தொலை. கசந்தா குப்பைக்குன்னு நீதானே சொல்லுவே?"

"மாமாட்டக் கேட்டேனே. கசப்புதான் மருந்து, அதுதான் கொழுப்பைக் கரைக்கும், மூக்கைப் பிடிச்சுண்டு ஒரே மடக்காக் குடிச்சுடுங்கோங்கறார். எல்லாரும் டிக் போட்டாச்சு. நான் ஒருத்திதான் பாக்கி."

"இருந்துட்டுப் போயேன். கொட்டு, சொல்றேன்."

"சரி, சரி" என்று வைத்தாய். கொட்டிவிடுவாய் என்று நம்பி நான் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் குரூப்பில் உன் டிக். கொஞ்ச நேரத்தில் மறுபடி இன்டர்காம் அடித்தது. எடுத்தால் பேச்சு வரவில்லை, ஓங்கரிக்கும் சத்தம்தான் கேட்டது. என்னிடம் இருந்த உன் வீட்டுச் சாவியோடு ஓடிவந்தேன். நீ அந்த ஸ்டூலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். சரிந்து படுக்க அந்த ஹாலில் ஓர் இடமில்லை. சோபா இருந்த இடத்தில் டிரெட்மில் நின்றது. உன்னைத் தரையில் சாய்த்தேன். வாந்தியில் ரத்தம் வந்தது.

ஆம்புலன்ஸில் என் மடியில் தலைவைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாய். "வாட்ச்மேன் விசில் அடிச்சான்டீ. நான்தான் கதவைத் திறந்து விட்டுட்டேன்." அப்போதும் உன் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டாள், சொன்னேன். ஜூஸ் கசந்ததா என்றாள். ஆமாம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. கசக்கும் சுரைக்காய் விஷம், ஒரு வாய்கூட உள்ளே போகக்கூடாது என்றாள். குழாய்கள் போட்டார்கள், ஏதேதோ ஏற்றினார்கள். உன் ரத்த அழுத்தம் இறங்கியது இறங்கியதுதான். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய்.

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். இலையில் ஜாங்கிரி போட்டிருந்தார்கள். குரூப்பில் முதல் ஆளாய் டிக் போடும் நாலாவது மாடி மாமி பக்கத்து இலைக்காரியிடம், "அன்னிக்கு ஜூஸை வாயில வைக்க முடியலை. நான் வாஷ்பேசின்ல கொட்டிட்டு டிக் போட்டுட்டேன்" என்றாள். "நானும்தான்" என்றாள் இன்னொருத்தி. எதிர் வரிசையில் ஒருவர் பின் ஒருவராகத் தலையாட்டினார்கள். அட்வைஸ் மாமா ஜூஸ் மாட்டிய அன்று ஏகாதசி உபவாசமாம், தொடவே இல்லையாம். ஒருவர் பாக்கியில்லாமல் கொட்டியிருக்கிறார்கள். கொட்டிவிட்டுப் பொய்யாய் டிக் போட்டிருக்கிறார்கள். அதை உண்மையென்று நம்பி, எல்லோரும் குடித்துவிட்டார்கள் நாம் மட்டும் குடிக்காமல் இருப்பதா என்று குடித்தவள் நீ ஒருத்திதான்.

அதோடு நிற்கவில்லை. "அவாளும் கொஞ்சம் உடம்பைக் கவனிச்சுண்டிருக்கலாம். வெயிட் ஜாஸ்தி, தாங்கற சக்தி இல்லை" என்றார் அட்வைஸ் மாமா, மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே. எல்லோரும் ஆமோதித்தார்கள். ஜாங்கிரிப் பாகு ஒழுகும் விரல்களோடு உன் எடையைப் பற்றிப் பேசினார்கள். நான் இலையைவிட்டுப் பாதியில் எழுந்தேன். எழக்கூடாது என்பார்கள். எழுந்துபோய்க் குபுகுபுவென்று வாந்தி எடுத்தேன்.

உன் பெண்ணிடம் போனில் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் கனடாவில் உட்கார்ந்துகொண்டு அழுதாள். "சண்டை வேண்டாம் மாமி. அம்மா பேர்ல ஏதோ நல்ல காரியம் பண்றேங்கறா, பண்ணட்டும்" என்றாள். டிரெட்மில்லையும் கண்ணாடியையும் ஜிம்முக்கே கொடுத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கு எல்லாமே நல்ல காரியமாய்த்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. எல்லோரும் ஒரே பச்சை டீ-ஷர்ட். ரிப்பன், பலூன். உள்ளே போனால் உன் வீட்டுக் கண்ணாடியை ஒரு சுவரில் பதித்திருந்தார்கள். அதற்கு நேர் எதிரே உன் படம். உயிரோடு இருந்தபோது ஈரத்துண்டைப் போட்டு மூடினாயே, அதே கண்ணாடியை இனி நாள் முழுக்க நீ பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். வேண்டுமென்று செய்தார்களா என்றால் இல்லை. அதுதான் இன்னும் கேவலம். யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

படத்தை அருகில் போய்ப் பார்த்தேன். எங்கிருந்தோ எடுத்துப் பெரிதாக்கி, வெட்டி ஒட்டியிருந்தார்கள். உன் தோளுக்குப் பின்னால் கொஞ்சம் மெரூன் நிறம் தெரிந்தது. தோள்மேல் ஒரு கை, மணிக்கட்டு வரை. பழைய ஹெச்.எம்.டி. வாட்ச். என் கை. நம் சோபாவில் நாம் இரண்டுபேரும் உட்கார்ந்து எடுத்த படத்தில் என்னை வெட்டியிருக்கிறார்கள், சோபாவை வெட்டியிருக்கிறார்கள், கை மட்டும் தப்பியிருக்கிறது.

அட்வைஸ் மாமா பேசினார். "ரெண்டு வருஷம் முன்னாடியே நம்மகிட்ட வந்திருந்தா இன்னிக்கு அவா நம்மோட இருந்திருப்பா" என்றார். கை தட்டினார்கள். பேப்பர் கப்களில் பச்சையாய் ஜூஸ் வந்தது. சுரைக்காய் ஜூஸ்! உன் படத்துக்குக் கீழே ஒரு ஸ்டூலில் தட்டை வைத்து வினியோகித்தார்கள். அந்த ஸ்டூலும் உன்னுடையதுதான். பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள்.

ஒரு கப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். "இதை அரைக்கறதுக்கு முன்னாடி யாராவது காயை நாக்குல வெச்சுப் பாத்தேளா?" என்று கேட்டேன். ஒருவர் தன் கப்பைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "அவ உடம்பு பெருத்துச் சாகலை. கசந்த ஜூஸைக் குடிச்சுச் செத்தா. டாக்டர் எங்கிட்டச் சொன்னது இது. நீங்க எல்லாரும் பேசின்ல கொட்டிட்டு டிக் போட்டேள். கொட்டினதைச் சொல்லியிருந்தா அவளும் கொட்டியிருப்பா."

"மாமி, இதுக்கு இதுவா சமயம்?" என்றாள் நாலாவது மாடிக்காரி.

"வேற எப்போ? அடுத்தவா செத்தப்பறமா?"

அட்வைஸ் மாமா மைக்கை வாங்க வந்தார். கொடுத்துவிட்டேன். எனக்கு மைக் வேண்டியிருக்கவில்லை. நேரே சுவருக்குப் போய் மாலையைக் கழற்றி அந்த டிரெட்மில் மேல் போட்டேன். படத்தைக் கழற்றினேன். "அது கமிட்டியோட பிராப்பர்ட்டி மாமி" என்று செக்ரெட்டரி முன்னால் வந்தார். "இந்தத் தோள்மேல இருக்கற கை என்னுது. நன்னாப் பாருங்கோ. படம் என்னுது" என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், விலகினார். திரும்பும்போது எதிர்க் கண்ணாடியில் நாம் இருவரும் ஒரு கணம் சேர்ந்து தெரிந்தோம். உன்னை இடுக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறி வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே உன் பெண் போன் செய்தாள். யாரோ அவளுக்குப் புகார் அனுப்பியிருக்கிறார்கள். நடந்ததை என் வாயாலும் ஒருதரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "படம் உங்ககிட்டயே இருக்கட்டும் மாமி" என்றாள்.

ஜிம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. உன் பெயர்ப் பலகை இன்னும் வாசலில் இருக்கிறது. ஜூஸ் பாட்டில்கள் இன்னும் கதவுகளில் தொங்குகின்றன, நாலாவது மாடியிலும்தான். என் பேச்சைக் கேட்டு உலகம் திருந்திவிட்டது என்று உன்னிடம் அளக்கமாட்டேன். குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். லிஃப்டில் என்னைக் கண்டால் மொபைலைப் பார்க்கிறார்கள்.

உன்னை ஹாலில் மாட்டவில்லை. சமையலறையில் மாட்டியிருக்கிறேன், காய் நறுக்கும் மேடைக்கு மேலே. இன்று காலை சுரைக்காய் வாங்கினேன். முனையைச் சீவி ஒரு வில்லையை நாக்கில் வைத்துக்கொண்டு, விசில் வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. பயத்தம்பருப்பு போட்டுக் கூட்டு செய்தேன், தேங்காயைக் குறைக்காமல் தாராளமாக. தட்டை எடுத்துக்கொண்டுபோய் உறையில்லாத என் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டேன். ரப்பர் நாற்றம் வாசலில் நின்றுகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் கசக்கும். அன்றைக்குக் கொட்டுவேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பில்டிங்குக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுக் கொட்டுவேன்.